மாஸும் லோக்கலும்: இளைஞர் வழக்கில் ஆங்கிலச் சொற்களின் பொருள்மாற்றம்

இளைஞர் பேச்சில் வழங்கும் ஆங்கிலச் சொற்களை மொழிக்கலப்பு என்னும் தலைப்பின்கீழ்த் தொகுத்து எண்ணுவதே பெருவழக்கு. எத்தனை சொற்கள் கலந்தன என்பதை அவ்வெண்ணிக்கை காட்டும். கலந்த சொல் என்ன பொருள் தருகிறது என்பதைக் காட்டாது. மரபிலக்கணமும் இதற்குப் போதியதன்று. வடசொல்லுக்குத் தொல்காப்பியமும் தற்பவத்துக்கு நன்னூலும் வகுத்த விதிகள் எழுத்துத் திரிபைப் பற்றியனவே.

'சீன் போடுகிறான்' என்னும் தொடரில் சீன் என்பது காட்சியன்று, பகட்டு. 'பல்பு வாங்கினான்' என்பதில் பல்பு விளக்கைக் குறிக்காது. ஏமாந்து நாணியதைக் குறிக்கும். போடு, வாங்கு ஆகிய தமிழ் வினைகளோடு சேர்ந்த பின்னரே இப்பொருள்கள் பிறக்கின்றன. ஆதலின் சீன் என்பதற்குக் காட்சி என நேர்ச்சொல் தரும் பட்டியல்கள் இவ்விடத்தில் பயன்படா. 'காட்சி போடுகிறான்' என்றால் கேட்போர்க்குப் பொருள் விளங்காது.

நாற்றம் என்னும் சொல் நறுமணத்தைச் சுட்டிய நிலையிலிருந்து தீய மணத்தைச் சுட்டும் நிலைக்கு இறங்கியதை மொழியியலார் இழிபொருட்பேறு என்பர். களிப்பு கள்ளுண்ட மயக்கத்திலிருந்து மகிழ்ச்சிக்கு உயர்ந்தது உயர்பொருட்பேறு. இவ்விரு போக்குகளும் இளைஞர் வழக்கிலும் காணப்படுகின்றன. திரைத்துறையில் பெருந்திரளான பார்வையாளரைச் சுட்டிய மாஸ், இன்று வியந்து பாராட்டும் அடையாக உயர்ந்துள்ளது. 'பேட்ட' (2019) படத்தின் 'மரண மாஸ்' பாடல் இதற்குச் சான்று. உள்ளூர் எனப் பொருள்படும் லோக்கலோ, தரக்குறைவைச் சுட்டும் சொல்லாக இறங்கியுள்ளது.

இவ்விரண்டையும் இணைத்து நோக்கின் ஒரு முரண் புலப்படும். திரளைக் குறித்த சொல் புகழாக, அத்திரள் வாழும் இடத்தைக் குறித்த சொல் இகழாகிறது. ஆயினும் அவ்விகழ்ச்சியும் நிலையானதன்று. 'மாரி' (2015) படத்தின் 'தரலோக்கல்' பாடலில் அதே சொல் நாயகனின் பெருமிதமாக ஒலிக்கிறது. பிறர் சொன்னால் வசை. தன்னைத்தானே சொல்லிக்கொண்டால் பெருமை. பொருளை இங்கு முடிவுசெய்வது ஆங்கில மூலமன்று. பேசுவோரின் சமூக நிலையே.

எனவே இச்சொற்களைக் களைய வேண்டிய கலப்பாக மட்டும் கருதும் ஆய்வு, அவற்றுள் பதிந்துள்ள வர்க்க மதிப்பீட்டைக் காணத் தவறுகிறது. அகராதியியல் இவற்றுக்கு ஆங்கில மூலப்பொருளைத் தருவதோடு அமையாது, உடன்வரும் வினை, பேசுவோர், கேட்போர் ஆகியவற்றையும் சேர்த்துப் பதிவுசெய்தல் வேண்டும். அவ்வாறு செய்யாவிடின் வருங்கால ஆய்வாளருக்குச் சொல் கிடைக்கும். அதன் பொருள் கிடைக்காது.