வள்ளி திருமணத்தில் உருமாற்றமும் நகையும்

ஒருவரை மற்றொருவராகப் பிறழ உணர்தல் இன்பியல் நாடகத்தின் பழைய உறுப்பாகும். 1773ஆம் ஆண்டில் இலண்டனில் அரங்கேறிய ஆலிவர் கோல்டுசுமித்தின் நாடகம் இதற்கு நல்ல சான்று. அதன் தலைவனாகிய மார்லோ உயர்குடி மகளிர் முன் நாவெழாதவன்; பணிப்பெண்டிரிடத்தோ துடுக்கன். தான் மணம் பேச வந்த கேட் என்பாளை விடுதிப் பணிமகளென்றே எண்ணி அவள்பால் நெஞ்சிழக்கின்றான். அவன் மனம் மாறி வரும் பகுதி அழகியதே. எனினும், மயக்கம் தீருங்கால் இருவரும் ஒத்த நிலையினர் என்பது தெரிகின்றது. ஆகவே குடிவேற்றுமை என்னும் தடை அங்குக் கடக்கப்படவில்லை. அத்தடை முதற்கண்ணேயே இல்லை எனக் காட்டப்படுகின்றது.

இத்தகைய நாடகம் தமிழில் எது எனின், பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி' பலர் நினைவிற்கு வரும். ஆண்டானும் ஏவலனும் ஒரே பெயர் தாங்கிய அது 1941இல் திரைப்படமும் ஆயிற்று. நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது அதனினும் பரந்த வழக்குடைய சங்கரதாசு சுவாமிகளின் (1867–1922) 'வள்ளி திருமணம்' ஆகும். அருப்புக்கோட்டையினின்று எட்டயபுரம் நோக்கிச் செல்லும் பெருவழியில் உள்ள பந்தல்குடியும் திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூர்களும் வானம் பார்த்த கரிசல் நிலத்தன. இத்தகைய ஊர்களின் கோயிற்பொங்கல் விழாக்களில் இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியுமளவும் நடிக்கப்பெறும் நாடகம் இது. சுவாமிகள் பிறந்த காட்டுநாயக்கன்பட்டியும் இவ்வழியின் தென்கோடியாகிய தூத்துக்குடியை அடுத்ததே.

இதனைப் பத்தி நாடகம் எனக் கொண்டு, நகையெல்லாம் பபூனுக்கு உரியது என ஒதுக்குவார் உளர். அது பொருந்தாது. திருமுருகாற்றுப்படை முருகனின் ஆறுமுகங்களுள் ஒன்றனை வள்ளியோடு நகைத்து மகிழ்வதற்கென்றே வகுத்துள்ளது. நகை இக்கதையிற் பின்னர் ஒட்டப்பட்டதன்று.

கதையின் போக்கைக் கந்தபுராணத்து வள்ளியம்மை திருமணப் படலத்தில் காணலாம். முருகன் முதலில் வேடனாய் வருகின்றான்; வள்ளியின் தந்தையாகிய நம்பி வரக் கண்டு வேங்கைமரமாகின்றான்; பின்னர் மீண்டும் தந்தை வருங்கால் திருநீறணிந்த முதியவனாகின்றான். இவ்விரு கோலங்களையும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் பத்து ஒப்புமைகளோடு வைத்து நோக்குதல் வேண்டும். பிறப்பு, குடிமை, ஆண்டு, உருவு என்பன அவற்றுட் சில. வேடக்கோலம் குடியொப்புமையை உண்டாக்குகின்றது. ஆயினும் வள்ளி இசையவில்லை. முதுமைக்கோலம் ஆண்டையும் உருவையும் கெடுக்கின்றது. நகை பிறப்பது இங்கேதான்.

முதியவன் தான் குமரியாட வந்ததாகக் கூறுகின்றான். நம்பி அதனைக் குமரித்துறை நீராட்டு என்று கொள்கின்றான். சொல்லியவன் கருதியது வேறொரு குமரியை. அதனினும் நுட்பமானது, நம்பி அவனை வணங்கித் தன் மகளுக்குத் துணையாகவே விட்டுச் செல்வது. திருநீற்றையும் நரையையும் கண்ட அளவில் தந்தை ஏமாந்தான். இளவேடன் ஒருவனை அவன் அப்புனத்தில் ஒருகணமும் நிற்க விட்டிரான். மார்லோவைப் போலவே நம்பியும் கோலத்தைக் கொண்டு தரத்தை அளப்பவன். மகளோ அவ்வாறல்லள். பசி என்றவனுக்குத் தேனும் தினைமாவும் தருகின்றாள். நீர் வேட்கை என்றவனுக்குச் சுனையைக் காட்டுகின்றாள். இவ்விரண்டும் தணிந்தபின் தன் மையலையும் தணிக்குமாறு அவன் வேண்டவே, வெகுண்டு விலகுகின்றாள். கோடையிற் குடிநீர் தேடி அலைந்தறிந்த கரிசல் மக்கள் முன் இக்காட்சி நடிக்கப்பெறும்பொழுது, தண்ணீர் கொடுத்தவளிடமே இவ்வாறு கேட்பதன் துணிச்சல் பன்மடங்காகத் தோன்றும்.

இங்கு நகைக்கு இடமானவன் யார்? எள்ளலைப் பேராசிரியர் இருவகைப்படுத்துவர்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறர் தன்னை எள்ளத் தான் நகுதல் மற்றொன்று. வள்ளிக்கு முன்னது உரியது, முருகனுக்குப் பின்னது. அவையோர் அவன் கடவுள் என்பதை முதலிலிருந்தே அறிவர். அறியாதவள் வள்ளி ஒருத்தியே. அறியாமையால் அவள் எளியளாதல் வேண்டும்; மேடையிலோ உயர்ந்தோனே எள்ளப்படுகின்றான்.

இது மேடையில் எவ்வாறு வலுப்பெறுகின்றது என்பது கருதத்தக்கது. 'ஸ்பெஷல் நாடகம்' எனப்படும் இம்முறையில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஒரே குழுவினர் அல்லர். தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பெற்று, ஒத்திகையின்றி மேடையிற் சந்திப்பவர். பாடல்கள் அறிந்தவை, ஆனால் நாரதனோடும் வேடனோடும் வள்ளி நிகழ்த்தும் தருக்கம் அவ்விரவிற்கே உரியது. வல்ல நடிகையொருத்தி வேலனை வாயடைக்கச் செய்தால், அது எழுதிவைத்த வெற்றியன்று.

இனி, குடிவேற்றுமைக்கு வருவோம். தலைவன் மிக்கவனாயினும் குற்றமின்று என்பது களவியலின் அமைதி. நற்றிணை 82ஆம் பாட்டில் முருகனோடு சேர்த்துக் கூறப்படும் வள்ளிக்கு உயர்பிறப்பு எதுவும் சுட்டப்படவில்லை. களவிலக்கணத்தின்படி குறமகளாகவே அவள் முருகனை மணத்தற்குத் தடையில்லை. அவ்வாறாகவும் கந்தபுராணம் அவளைத் திருமாலின் மகள் சுந்தரவல்லி என்றும், மான்வயிற்றில் வந்து பிறந்தவள் என்றும் கூறுகின்றது. அகமரபு வேண்டாத இச்சேர்க்கையைப் பிற்காலக் குலவுணர்வு வேண்டிற்று என்றே கொள்கின்றோம். கோல்டுசுமித்து இறுதியிற் செய்ததைப் புராணம் தொடக்கத்திலேயே செய்துவிட்டது. மேடையிலோ இப்பிறப்புக் கதை முற்றும் விடுபடாவிடினும், இரவின் பெரும்பொழுதைக் கொள்வது கவணேந்திய குறமகளின் வாயாடலே. மணக்காட்சிக்கு விடியற்பொழுதின் சில நிமிடங்களே எஞ்சும்.

அச்சேறிய நூலை மட்டும் கொண்டு இந்நாடகத்தை மதிப்பிடல் ஆகாது என்பதற்கு இதுவே காரணம். வெவ்வேறு நடிகர் இணைகள் நிகழ்த்தும் தருக்கங்கள் ஒலிப்பதிவு செய்யப்பெற்று ஒப்புநோக்கப்படுதல் வேண்டும். அவற்றுள் வள்ளி தன் பிறப்பை எவ்விடத்தில், எத்துணைச் சொற்களில் கூறுகின்றாள் என்பதே முதற்கண் நோக்கற்பாலது.