பெயர் உதிர்ந்த குறிப்புகள்

பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலச் சமையல் நூலாசிரியர் ஹன்னா கிளாஸ் பிறர் நூல்களிலிருந்து சமையல் குறிப்புகளை எடுத்தாண்டதைக் குற்றமாகப் பார்க்கக் கூடாது என்று உணவு வரலாறு எழுதுவோர் பலர் இப்போது வாதிடுகிறார்கள். அன்று குறிப்புகள் பொதுச்சொத்து, அதில் உரிமை பேசுவது பின்னால் வந்த பழக்கம் என்பது அவர்கள் கட்சி. அந்த வாதத்தை நான் ஒருபோதும் ஏற்றதில்லை.

1747இல் வந்த கிளாஸின் சமையற்கலை நூலில் நல்லவை உண்டு. பணிப்பெண்ணுக்கும் புரியும் எளிய ஆங்கிலம்; எடுத்த குறிப்புகளைக்கூடப் பல இடங்களில் தெளிவாக்கியிருக்கிறார். 1754இல் திவாலாகும் அளவுக்குக் கடன் நெருக்கடியும் அவருக்கு இருந்தது. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 972 குறிப்புகளில் 342 பிறருடையவை என்பதை 1980களில் ஆய்வாளர்கள் ஜெனிஃபர் ஸ்டெட், பிரிசில்லா பெயின் இருவரும் ஒப்பிட்டுக் காட்டினார்கள். அவற்றில் 263 ஒரே நூலிலிருந்து வந்தவை. ‘பெண்ணின் முழுக் கடமை’ என்ற அந்த நூல் வெளிவந்து பத்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

அக்காலத்தவர் இதைத் தவறாக நினைக்கவில்லை என்பது உண்மையா? 1673இல் ஒரு பதிப்பாளர் சமையல் நூலாசிரியர் ஹன்னா வூலியின் பெயரைப் போட்டு அவர் அனுமதியின்றி ஒரு நூலை வெளியிட்டார். வூலி தம் அடுத்த நூலிலேயே அதைக் கண்டித்தார். 1754இல் ஆன் குக் என்ற சமையற்காரர் தம் நூலில் கிளாஸைத் திருடி என்றே சாடினார். அச்சுக்கு வராத வீட்டுக் கையேடுகளைப் பாருங்கள். ஆன் ஃபேன்ஷா என்ற பெண்மணி 1651இல் தொடங்கிய கையேட்டில் குறிப்புகளின் ஓரத்தில் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. இன்னார் கைப்பக்குவம் என்று குறித்து வைப்பது கையேடு எழுதிய பெண்களின் வழக்கம். அச்சுதான் அந்தப் பெயர்களை உதிர்த்தது.

பெயர் உதிர்ந்தால் என்ன போயிற்று? இனிப்பு நூல்களில்தான் இதன் கேடு முழுதாகத் தெரிகிறது. அன்றைய சர்க்கரை கூம்பு வடிவக் கட்டியாக வரும். உடைத்து, நீரில் கரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் காய்ச்சினால் அழுக்கு நுரையோடு மேலே வரும். அதை வழித்தெடுத்த பிறகுதான் பாகு. அடுப்படியில் வெப்பமானி கிடையாது. விரலிடையில் கம்பி இழுத்துப் பார்ப்பார்கள். துளைக்கரண்டியை முக்கி ஊதி, துளை வழியே குமிழ் பறக்கிறதா என்று பார்ப்பார்கள். குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டு, மொறுமொறுவென்று உடைகிறதா என்றும் பார்ப்பார்கள். குழம்பு பிசகினால் சரிசெய்யலாம். பாகு பதம் தப்பினால் தப்பியதுதான். இது கண்ணும் விரலும் வெந்து கற்ற அறிவு. எழுதியவர் அடுப்பருகே நின்றவரா என்று வாசகர் கேட்டே ஆக வேண்டும்.

1760 வாக்கில் வந்த கிளாஸின் இனிப்பு நூல் அந்தக் கேள்விக்கு இடமே தரவில்லை. எட்வர்ட் லாம்பர்ட் இனிப்புச் செய்வதையே தொழிலாகக் கொண்டவர். அவர் 1744 வாக்கில் எழுதியவை கிளாஸின் பெயரில் வந்தன. பதம் பிசகிய வாசகர் யாரைக் கேட்பார்? பெயரெடுத்த ஆசிரியர் அதைச் செய்து பார்த்தாரா என்றே தெரியாது. காப்பி எடுத்த குறிப்பில் பிழை இருந்தால் அது அடுத்த நூலுக்கும் பிழையாகவே போகும். கையேட்டில் எழுதிய பெண், சரிவராத குறிப்பைக் குறுக்கே கோடிட்டு அடித்தாள். அச்சில் அடிப்பதற்கு ஆளில்லை.

இதைக் கூட்டறிவு என்று கொண்டாடுவது எனக்கு வேதனை தருகிறது. கூட்டறிவில் கூட்டத்தின் முகங்கள் தெரிய வேண்டும். இங்கே தெரிவது ஒரே ஒரு பெயர். 1747இன் உணவு என்று வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டும் பல குறிப்புகள் அந்த ஆண்டுக்கு உரியவையே அல்ல. கிளாஸின் நூலை மறுபதிப்புச் செய்கிறவர்கள் அந்த 342 குறிப்புகளுக்கும் பக்கத்திலேயே மூலநூலின் பெயரையும் ஆண்டையும் அச்சிடட்டும். ஒப்பிட்டுப் பார்க்கும் உழைப்பை ஸ்டெட்டும் பெயினும் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்கள்.