கச்சானுக்குத் தப்பும் கழுத்து

ஆடி, ஆவணியில் ஊவாவுக்குள் இறங்கும் கச்சான் காற்று தேயிலைக்கு மணத்தைக் கொடுத்துவிட்டு, மரத்தின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். ஐப்பசி பிறந்தால் மழை. தை வரை சுவர்கூட வியர்க்கும். பதுளையிலோ பண்டாரவளையிலோ கிற்றாருக்குக் கழுத்து செதுக்க மரம் தேடுபவர், இவ்விரண்டு பருவத்தையும் அது முறுக்காமல் கடக்குமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

நாதம் பற்றிய பேச்சு பிறகு வரட்டும். 2018 இல் வெளிவந்த லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வொன்றில், முதுகு, பக்கப் பலகைகளின் மரம் மட்டும் வேறுபட்ட ஆறு கிற்றார்களை 52 பேர், எது என்ன மரம் என்று தெரியாமல் வாசித்தார்கள். விலை கூடிய மரமும் மலிவு மரமும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண்தான் வாங்கின. கழுத்தை அந்த ஆய்வு தொடவில்லை என்பது உண்மை. ஆனாலும் முதுகிலேயே நிலைமை இதுவென்றால், கழுத்து மரத்தின் 'இனிமை'க்கு மேலதிகக் காசு கொடுக்க நான் தயாரில்லை. கழுத்துக்குத் தாங்குவதே தொழில். இரும்புத் தந்திகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கும். நைலோன் தந்திகள் 40 கிலோ அளவில்.

தோட்டத்தில் கைக்கெட்டும் மரம் கிரவில்லியா. ஆர அறுப்பில் பட்டுப்போல மினுங்கும் அதன் ரேகையைப் பார்த்தவர் மயங்கத்தான் செய்வார். ஆனால் அது வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு, ஆரத்தின் போக்கில் சுருங்குவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். வளையம் சற்றே சாய்ந்து ஓடும் பலகை காயும்போது முறுக்கிக்கொள்ளும். போதாததற்கு, நிழல் மரம் என்று அடிக்கடி கிளை தறித்திருப்பார்கள்; தறித்த இடமெல்லாம் உள்ளே முடிச்சு. மேசை செய்யலாம், கழுத்துக்கு வேண்டாம்.

1920களில் கிப்சன் நிறுவனம் காப்புரிமை பெற்ற கழுத்துக் கம்பி இருக்கிறதே என்பார்கள். அந்தக் கம்பியைத் திருகினால் முன்பக்கம் வளைந்த கழுத்து நிமிரும். முறுக்கிய கழுத்து நிமிராது. மரங்களை நான் தரம் பிரிப்பது இந்த இடத்தில்தான். மென்மைக்குக் கம்பி மருந்து, முறுக்குக்கு மருந்தில்லை.

யூகலிப்டஸை வாளுக்குக் கொடுக்கும்போதே பலகை வளைகிறது, அதை விட்டுவிடலாம். பலாவுக்குத் தஞ்சாவூர் வீணையைச் சாட்சிக்கு அழைப்பார்கள். வீணையின் தண்டி உள்ளே குடைந்தது. குடையாத மெல்லிய கழுத்துக்கு அது சாட்சியாகாது. இலங்கையில் பலாவைத் தறிக்க அனுமதிப்பத்திரமும் வேண்டும். மொனராகலைப் பக்கத்துத் தேக்கு அசையாத மரம்தான், ஆனால் கனம். மடியில் வைத்தால் கிற்றாரின் தலை தாழும். அதன் எண்ணெய்ப் பசை ஒட்டுப் பசையையும் சரியாகப் பிடிக்க விடாது.

மிஞ்சுவன தூனாவும் மஹோகனியும். இரண்டும் வேம்புக் குடும்பம். ஸ்பானிய கிற்றார்களின் கழுத்துக்கு வழக்கமான செட்ரெலாவும் அதே குடும்பந்தான். தூனாவை முன்பு செட்ரெலா பேரினத்திலேயே சேர்த்து வைத்திருந்தார்கள். சித்தாருக்குத் தூனாவைப் பயன்படுத்துவதைவிட இந்த உறவே எனக்குப் பெரிய சான்று. தூனா இலேசு, உளிக்கு இணங்கும். மென்மைதான் குறை: திருகாணி ஆழப் பிடிக்காது, இரும்புத் தந்திக்குக் கழுத்தைச் சற்றுத் தடிப்பாக விடவேண்டும். மஹோகனி அதைவிட உறுதி, சுருக்கமும் குறைவு. இரண்டுக்கும் பொது எதிரி குருத்துத் துளைப்பான். அது தின்ற மரம் கவடு விடும், ஆகவே கவட்டுக்குக் கீழுள்ள அடிமரத்தையே கேட்டு வாங்க வேண்டும்.

என் தீர்ப்பு: நைலோன் கிற்றாருக்குத் தூனா, மஹோகனியைத் தேடி அலையத் தேவையில்லை. இரும்புத் தந்திக்கு மஹோகனி. கிடைக்காவிட்டால் கம்பி வைத்த தூனா. எதுவானாலும் மரக்காலையில் 'காய்ந்தது' என்ற சொல்லை நம்பக்கூடாது. துண்டைப் பெரிதாகவே அறுத்து, ஒரு கச்சானும் ஒரு மழையும் வீட்டுக்குள் கிடக்க விடுங்கள். பிறகு இரு முனையிலும் ஒவ்வொரு நேர்ச்சட்டத்தைக் குறுக்கே வைத்து, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். சட்டங்களின் மேல்விளிம்பு ஒன்றோடொன்று இணையாக நிற்காவிட்டால், அந்தத் துண்டைக் கதிரைக் காலுக்குக் கொடுத்துவிடலாம்.