உயரத்திலிருந்து காணும் நிலம்: ஜூல்ஸ் வெர்னின் பலூன் புதினமும் தமிழ்க் காப்பிய வான்பயணமும்

முன்னுரை

அதிகம் அறியப்படாத நிலங்களின்மீது நெடுந்தொலைவு பறந்து செல்லுதல் என்னும் கருப்பொருளை நவீனப் புனைவிலக்கியத்தில் நிலைபெறச் செய்த நூல்களுள் முதன்மையானது, பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1863இல் வெளியிட்ட ‘பலூனில் ஐந்து வாரங்கள்’ என்னும் புதினமாகும். அறிவியல் புனைவுக்கு முன்னோடி என்ற அளவிலேயே இந்நூல் பெரிதும் போற்றப்படுகிறது. ஆயினும், ‘அறியப்படாத நிலம்’ என்பது யாருக்கு அறியப்படாதது என்னும் வினா அதிகம் எழுப்பப்படவில்லை. அவ்வினாவை முன்வைத்து இப்புதினத்தைத் தமிழ்க் காப்பிய வான்பயணங்களோடு ஒப்பிடுவதும், ஜொகூர் மண்ணில் வாழும் தமிழ் வாசகர்க்கு அவ்வொப்பீடு உணர்த்துவதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

புதினத்தின் பார்வை

டாக்டர் பெர்குசன், அவருடைய நண்பர் கென்னடி, பணியாளர் ஜோ ஆகிய மூவரும் 1862 ஏப்ரலில் சான்சிபாரிலிருந்து ‘விக்டோரியா’ என்னும் பலூனில் புறப்பட்டு, ஆப்பிரிக்காவைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்து செனகல் ஆற்றை அடைகின்றனர். பலூனை விரும்பிய திசையில் செலுத்த இயலாது. ஆகவே, உள்ளிருக்கும் ஹைட்ரஜனைச் சூடேற்றியும் குளிரவிட்டும் ஏறி இறங்கி, உரிய காற்றோட்டத்தைத் தேடும் கருவியை வெர்ன் கற்பனை செய்கிறார். பர்ட்டன், ஸ்பீக் ஆகியோர் கிழக்கில் கண்டவற்றையும் பார்த் வடக்கில் கண்டவற்றையும் ஒரே கோட்டில் இணைப்பதே பயணத்தின் குறிக்கோள். நைல் ஆறு ஏரியிலிருந்து வெளிப்படும் இடத்தை ஸ்பீக் 1862 ஜூலையில் நேரில் கண்டார். அச்செய்தி ஐரோப்பாவை எட்டுமுன்னரே வெர்னின் பலூன் அவ்விடத்தைக் கண்டுவிடுகிறது. நூலின் வலிமை இத்தகைய ஊகத்திறனில் உள்ளது எனலாம்.

அதன் குறையும் அதே உயரத்திலிருந்தே பிறக்கிறது. காசே நகர மக்கள் பலூனை நிலவு என்றும் பயணிகளை நிலவின் மைந்தர் என்றும் நம்புகின்றனர். உண்மை நிலவு எழுந்ததும் பயணிகள் தப்பியோட நேர்கிறது. இந்நிகழ்ச்சி நகைச்சுவையாகவே சொல்லப்படுகிறது. ஆனால் காசே, அரபு வணிகர் தங்கிய, தந்தமும் அடிமைகளும் கொண்டு செல்லப்பட்ட பெருவழிகள் கூடும் வணிகத்தலம் என்பது வரலாறு. அவ்வழிகளை நன்கறிந்திருந்த மக்களே புதினத்தில் ஏதுமறியாதவராகின்றனர். மற்றோரிடத்தில், மரத்தைச் சூழ்ந்த குரங்குக் கூட்டம் தொலைவிலிருந்து மனிதக் கூட்டமாகக் கருதப்பட்டு, அப்பிழையும் கேலிப்பொருளாகிறது. தொலைவு மனிதரைச் சிறிதாக்குவதோடு நில்லாமல், இழிவாகவும் ஆக்கிவிடுகிறது.

எனினும், பலூன் தன் ஆற்றலை இழக்குமிடங்களில் புதினம் உயிர்பெறுகிறது. காற்றற்ற பாலைவனத்தில் நீரின்றித் தவிக்கும்போது உயரம் பயனற்றுப்போகிறது. பாரம் என ஏற்றிய பொன்தாது ஒவ்வொன்றாக வெளியே எறியப்படுகிறது. சாட் ஏரியின்மேல் பலூனின் சுமை குறைய ஜோ கீழே குதிக்கிறான். நிலத்தின் வலிமையைப் பயணிகள் உணரும் பகுதிகள் இவையே.

தமிழ் மரபில் வான்பயணம்

சீவக சிந்தாமணியில் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறி ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. கருவுற்ற விசயை நாட்டை ஆராய அதில் ஏறவில்லை, உயிர்காக்கவே ஏறுகிறாள். பொறி இறுதியில் சுடுகாட்டில் இறங்க, அங்கே சீவகன் பிறக்கிறான். பறத்தலின் பொருள் இறங்கிய நிலத்தில்தான் வெளிப்படுகிறது. இராமகாதையின் புட்பக விமானப் பயணத்திலும் இராமன் சீதைக்குச் சேதுவையும் கிட்கிந்தையையும் சுட்டிக்காட்டுகிறான். அவை அவன் நடந்து, துயருற்று, துணைபெற்ற இடங்கள். ஆகவே அங்கு வான்நோக்கு கண்டுபிடிப்பாகாமல் நினைவுகூர்தலாகிறது. வெர்னின் பயணியோ கால்படாத நிலத்தை அறிந்துவிட்டதாகக் கருதுகிறான். காப்பியத்தின் தெய்வ விமானத்தையும் அறிவியல் புதினத்தின் பலூனையும் ஒரே அளவுகோலால் அளத்தல் பொருந்தாது என்பது உண்மையே. ஆயினும் இங்கு ஒப்பிடப்படுவது ஊர்தியன்று, நோக்காகும்.

ஜொகூரிலிருந்து வாசித்தல்

ஜொகூரும் இத்தகைய நோக்குக்கு உட்பட்ட நிலமே. ஐரோப்பியர் ஓஃபிர் மலை எனக் குறித்த குனோங் லேடாங்கில் இயற்கையறிஞர் வாலஸ் 1854இல் ஏறினார். அதற்கு நெடுங்காலம் முன்பே, ‘செஜாரா மெலாயு’ கூறும் இளவரசியின் கதையால் அம்மலை இம்மண்ணில் பெயர்பெற்றிருந்தது. எண்டாவ் ஆற்றுக் காடுகள் வெளியாருக்கு அடர்வனம். ஜக்குன் மக்களுக்கோ வாழிடம்.

தமிழர்க்கும் இது அயலார் செய்தியன்று. செனாய் விமான நிலையத்தை நோக்கி இறங்கும் வானூர்தியிலிருந்து காண்போர்க்குச் செம்பனை வரிசைகள் ஒழுங்கான கோலமாகத் தோன்றும். அங்கே முன்னர் நின்ற பால்மரங்களும், லயங்களும், மாரியம்மன் கோயில் திடலும், அம்மண்ணில் புதைக்கப்பட்டோரும் அக்கோலத்தில் இடம்பெறுவதில்லை. மேலிருந்து வெற்றிடமாகத் தெரியும் நிலம், ஆளில்லா நிலமாகவே எண்ணப்படுகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மேம்பாட்டு நிலங்களாக மாற்றப்பட்டும் தொழிலாளர் இடம்பெயர்ந்த வரலாற்றை அறிந்தவர்க்கு, இது வெறும் இலக்கியக் கருத்தன்று.

முடிவுரை

வெர்னின் புதினத்தை ஒதுக்கிவிட வேண்டுவதில்லை. அதன் துணிவும் அறிவியல் ஆர்வமும் இன்றும் சுவை குன்றாதவை. ஆனால் பலூனின் கூடையில் அமர்ந்து அதைப் படித்துப் பழகிய நாம், காசே நகரத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தும் அதனைப் படித்தல் வேண்டும். மலேசியத் தமிழ்ப் புனைவுகள் தோட்ட வாழ்வைப் பெரிதும் நிலத்தில் நின்றே எழுதின. குறுகிய களம் என அவற்றின்மீது சாற்றப்படும் குறை மறுஆய்வுக்குரியது. அக்களத்தின் ஒவ்வொரு லயத்தையும் பெயர்சொல்லி எழுதியதே அவற்றின் பெரும்பணி எனலாம்.