யாருடைய இடத்தில் உட்காருகிறோம்?

செவ்வாப்பேட்டை வீட்டு அலமாரியில் வரலாற்றுப் போர்டு கேம்கள் நிறைந்துவிட்டன. எதை வைத்துக்கொள்வது? வரைபட அழகை நான் பார்ப்பதில்லை. ஆட்டம் என்னை யாருடைய இடத்தில் உட்கார வைக்கிறது என்பதே அளவுகோல்.

கோல் வேர்லியின் 'ஜான் கம்பெனி'யில் நாம் கிழக்கிந்தியக் கம்பெனிக் குடும்பங்கள். லாபக் கணக்கில் நம்ம மெட்ராஸ் வெறும் ஒரு பகுதி. விளையாடும்போது கூசுது. அந்தக் கூச்சத்துக்காகவே அதை வைத்திருக்கிறேன். அவருடைய 'பாக்ஸ் பமீர்' இடத்தை மாற்றுகிறது: நாம் ஆப்கன் தலைவர்கள், பிரிட்டனும் ரஷ்யாவும் நாம் பயன்படுத்திக்கொள்ளும் சக்திகள்.

ஆனா, பெட்டியே இல்லாத ஆடு புலி ஆட்டம் இரண்டையும் மிஞ்சும். 3 புலி, 15 ஆடு. ஆட்டால் வெட்ட முடியாது. சேர்ந்து நின்று மடக்கத்தான் முடியும். எளியவன் எப்படி ஜெயிப்பான் என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொன்ன ஆட்டம் என் அலமாரியில் இல்லை.