கிழியாத கோட்டும் மட்காத நூலும்

அலெக்சாண்டர் மெக்கென்ட்ரிக் 1951இல் இயக்கிய ‘தி மேன் இன் த வைட் சூட்’ ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைப் படம். இன்று பார்க்கும்போது அதன் முடிவில் மட்டும் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

கதை சிம்பிள்தான். வட இங்கிலாந்துத் துணி ஆலைகளில் கிடைத்த வேலையைப் பார்க்கும் சிட்னி (அலெக் கின்னஸ்), அழுக்கே ஒட்டாத, கிழியவே கிழியாத ஒரு செயற்கை இழையைக் கண்டுபிடிக்கிறான். துணி கிழியாவிட்டால் அடுத்த துணியை யார் வாங்குவது? முதலாளிகளும் தொழிலாளர்களும் கூட்டு சேர்ந்து அவனைத் துரத்துகிறார்கள். இலாபம், கூலி இரண்டுமே துணி நைந்துபோவதை நம்பித்தான் இருக்கின்றன என்று படம் பிரசங்கமில்லாமல் காட்டிவிடுகிறது. துணி துவைத்துப் பிழைக்கும் வீட்டுக்காரம்மா, அழுக்கு இல்லையென்றால் தன் பாடு என்னாவது என்று கேட்கும் இடம்தான் படத்தின் உச்சம்.

முடிவில் கூட்டம் கைவைத்ததும் கோட் பஞ்சாகப் பிய்கிறது. எல்லாருக்கும் நிம்மதி. பிய்ந்த துண்டுகள் எங்கே போயின? யாரும் கேட்பதில்லை. பொறியியல் படித்தவனுக்கு அங்கேதான் உறுத்தும். உள்ளே போன பொருள் வெளியே எங்காவது வந்தாகணும். கணக்கு டேலி ஆகணும்.

படத்துக்குப் பத்து வருடம் முன்பே, 1941இல், வின்ஃபீல்டும் டிக்சனும் மான்செஸ்டர் நிறுவனமொன்றில் பாலியஸ்டர் இழைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்திருந்தார்கள். நிஜம் படத்துக்கு நேர் எதிராக நடந்தது. சட்டை நைகிறது, நூல் மட்கவில்லை. 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் 700,000க்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் உதிரலாம் என்று பிளிமத் பல்கலைக்கழக ஆய்வு 2016இல் கணக்கிட்டது. சுத்திகரிப்பு நிலையம் பெரும்பகுதியைப் பிடிக்கும். ஆனால் அந்தச் சகதி பிரிட்டனில் வயலுக்கு உரமாகப் போகிறது. பிறகு வெயிலும் உராய்வும் இழைகளை இன்னும் பொடியாக்கி, ஒரு மைக்ரானுக்கும் கீழே, நானோ பிளாஸ்டிக்வரை கொண்டுபோகின்றன.

இதெல்லாம் 1951இல் தெரியாது. அது படத்தின் குற்றமல்ல. ஆனால் பிய்ந்தால் முடிந்தது என்ற அதன் நம்பிக்கை இன்னும் நம்மிடம் இருக்கிறது. அந்த அம்மாவின் கேள்வியை இன்று திருப்பிக் கேட்கவேண்டும்: துவைப்பதே அழுக்கை உண்டாக்கினால், அதை யார் துவைப்பது?

கடைசியில் சிட்னி குறிப்பேட்டைப் பார்த்து, பிழை பிடிபட்டவன்போல் உற்சாகமாக நடக்கிறான். அடுத்த கோட் கிழியாது என்று நினைக்கிறான் போல. பிழை கிழிந்ததில் இல்லை, சிட்னி.