அடி விழ வேண்டிய இடம்

சித்தூரிலிருந்து பலமநேர் போகும் வழியில் மொகிலி மலைப்பாதை இருக்கிறது. அதில் பழைய லாரி ஓட்டுகிறவருக்கு வண்டியின் நோய் முதலில் உள்ளங்கையில்தான் தெரியும். வளைவில் ஒடித்த ஸ்டியரிங் பிடியைத் தளர்த்தியதும் தானாக நேருக்கு வர வேண்டும். முன் அச்சில், சக்கரம் திரும்பும் முளையான கிங்பின்னைச் சற்றுச் சாய்த்துப் பொருத்தியிருப்பதே அதற்காகத்தான். ஒவ்வொரு வளைவுக்குப் பிறகும் ஓட்டுநர் தோள் நோக இழுத்து நேராக்கினால், உள்ளே கிரீஸ் வற்றித் துரு ஏறிவிட்டது என்று கணக்கு. "திரும்பினா ஸ்டேரிங் வாபஸ் வரமாட்டேங்குது மேஸ்திரி" என்ற புகாரோடு பழைய டாடாவும் அசோக் லேலண்டும் சித்தூர்ப் பட்டறைகளுக்கும் திருப்பதி ஆட்டோ நகருக்கும் வந்து சேர்கின்றன.

கடல் இல்லாத ஊரில் இவ்வளவு துரு எப்படி? வண்டி சுமப்பதைப் பார்த்தால் புரியும். ஆற்று ஈர மணல், நெல்லூர்ப் பக்கத்து மீன் லோடிலிருந்து சொட்டும் உப்புத் தண்ணீர், குப்பம் பக்கத்துக் கிரானைட் தூள். போதாததற்கு ஆயுத பூஜை. பூஜைக்கு முதல் நாள் வண்டியின் அடிவயிறு வரை பம்பு வைத்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார்கள். மாலையும் வாழைக்கன்றும் கட்டிய பிறகு கிரீஸ் கன்னைக் கையில் எடுப்பவர்கள் குறைவு. இடுக்கில் புகுந்த தண்ணீர் அங்கேயே தங்கிவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிப்பது. பின்னுக்கும் அது உட்கார்ந்திருக்கும் துளைக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடைவெளியையும் அடைத்துக்கொண்டு இரண்டையும் இறுக்கிவிடும்.

இப்படி இறுகியதைப் பிரித்தெடுக்கும் வேலையை முரட்டு வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நல்ல மேஸ்திரியின் பக்கத்தில் அரை நாள் உட்கார வேண்டும்.

முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டை ராடின் முனையான டை ராடு எண்டிலிருந்து தொடங்கலாம். அதன் தண்டு கூம்பு வடிவம். ஸ்டியரிங் கையின் கண்ணில் ஆப்புப் போல இறங்கி நிற்கும். நட்டைக் கழற்றிய பிறகும் அசையாது. கற்றுக்குட்டி மரையின் தலையிலேயே அடிப்பான். மரை நசுங்கும், ஆப்பு அப்படியே இருக்கும். மேஸ்திரி தண்டைத் தொடுவதே இல்லை. நட்டை முழுக்கக் கழற்றாமல் நாலு மரையில் விட்டுவைக்கிறார். கண்ணின் ஒரு பக்கத்தில் கனமான சம்மட்டியை அண்டக் கொடுத்துப் பையனைப் பிடிக்கச் சொல்கிறார். எதிர்ப்பக்கத்தில், நேர் எதிரே, சுத்தியலால் ஓங்கி ஒரே அடி. வட்டத் துளை ஒரு கணம் நீள்வட்டமாக நெளிகிறது. ஆப்பின் பிடி விட்டுப்போகிறது. இரண்டாவது அடியிலோ மூன்றாவதிலோ தண்டு 'டொக்' என்று நட்டின் மேல் இறங்கி நிற்கும். ரப்பர் உறைகூடக் கிழிந்திருக்காது. இரட்டை நாக்குக் கம்பியை இடுக்கில் செருகி நெம்புகிறவர்களும் உண்டு. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் உறை கிழிந்த ஜாயின்ட் அதோடு குப்பைக்குத்தான் போகும்.

கிங்பின்தான் பெரிய சோதனை. முதலில் அதைக் குறுக்கே பூட்டியிருக்கும் காட்டர் பின்னைத் தேடி எடுக்க வேண்டும். சேறும் துருவும் மூடி அது கண்ணிலேயே படாது. அதை எடுக்காமல் கிங்பின்னை அடித்து அச்சையே பாழாக்கிய கதைகள் எல்லாப் பட்டறையிலும் உண்டு. முந்தைய மாலையே டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்றி ஊறவைப்பார்கள். இப்போது டபிள்யூடி-40 டப்பாவும் அலமாரியில் இருக்கிறது. 1953-இல் அமெரிக்காவின் சான் டியகோவில் உருவான அந்தத் திரவம் அட்லஸ் ஏவுகணையின் உடலைத் துருவிலிருந்து காக்கப் பயன்பட்டது. நாற்பதாவது முயற்சியில் சரியாக வந்ததால்தான் பெயரில் அந்த 40. எதை ஊற்றினாலும், ஊறும் நேரம் குறைந்தால் பயன் குறையும்.

மறுநாள் அடி. இங்கே சின்னச் சின்னத் தட்டல் ஆகவே ஆகாது. தட்டத் தட்டப் பின்னின் தலை விரிந்து துளையைவிடப் பெரிதாகிவிடும். பிறகு எந்தப் பலமும் செல்லாது. அச்சுக்கு அடியில் ஆடாமல் முட்டுக் கொடுத்து, பின்னைவிடச் சற்று ஒல்லியான ராடை நேராக நிறுத்தி, முதல் அடியையே முழுப் பலத்தில் போட வேண்டும். ஹைட்ராலிக் பிரஸ் இருக்கும் பட்டறைக்கு இந்தப் பாடு இல்லை. இல்லாத இடத்தில் மேஸ்திரி காதை நம்புகிறார். அசையாத பின்னில் அடி கணீரென்று திரும்பும், சம்மட்டியும் துள்ளும். பின் நகரத் தொடங்கியதும் ஓசை மந்தமாகிவிடும், துள்ளலும் அடங்கும். கண்ணுக்குத் தெரியும் முன்பே சம்மட்டி பிடித்த கைக்கு அது தெரிந்துவிடுகிறது.

அதற்கும் மசியாதபோதுதான் கேஸ். அச்சின் கண்ணைச் சுற்றி நெருப்பைச் சுழற்றிக் காட்டுவார்கள். ஐந்து சென்டிமீட்டர்த் துளையை 200 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் மில்லிமீட்டரில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு விரியும். அது போதும். ஆனால் சூடு உள்ளே பின்னுக்குப் போய்ச் சேர்வதற்குள் அடி விழ வேண்டும்; பின்னும் விரிந்துவிட்டால் பட்ட பாடு வீண். தேறியவர் இரும்பைச் சிவக்க விடமாட்டார். மேலே நீலம் படரும்போதே நெருப்பை விலக்கிவிடுவார். அந்த நீலம் ஏறத்தாழ 300 டிகிரியின் அடையாளம். சிவக்கக் காய்ச்சினால் பட்டறையில் அடித்துப் பதம் ஏற்றிய அச்சின் வலுவே போய்விடும். அவசரத்தில் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பது அதைவிட மோசம். ஸ்டியரிங் கைகளில் நெருப்பே காட்டக் கூடாது என்று உறுதியாக நிற்கும் மேஸ்திரிகளின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. மலை இறக்கத்தில் ஒடியக் கூடாத பொருள் அது.

இந்த வேலையில் மெச்ச வேண்டியது எதைப் பலி கொடுக்கலாம், எதைக் காக்க வேண்டும் என்ற அந்தத் தெளிவைத்தான். கிங்பின், புஷ், டை ராடு எண்டு எல்லாம் கடையில் கிடைக்கும். 1929-இல் சென்னையில் தொடங்கிய ரானே குழுமத்தைப் போன்றவர்கள் ஸ்டியரிங் உதிரிகளை வெகு காலமாகச் செய்துவருகிறார்கள். ஆனால் பழைய மாடலுக்குப் பொருந்தும் அச்சு வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டையில் அலைய வேண்டியிருக்கும். அதனால் பின்னை வெட்டி எடுக்க நேர்ந்தாலும் அச்சின் கண்ணில் ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

திரும்பப் பூட்டுவதிலும் கைத்திறம் உண்டு. புது வெண்கலப் புஷ்ஷை இறக்கும்போது அதன் ஓட்டையும் கிரீஸ் நிப்பிளின் ஓட்டையும் ஒரே நேரில் வர வேண்டும். கொஞ்சம் பிசகினால் எத்தனை முறை கிரீஸ் அடித்தாலும் பின்னுக்கு ஒரு சொட்டும் போகாது. சில மாதங்களில் அதே நோய். மேல் புஷ்ஷும் கீழ்ப் புஷ்ஷும் ஒரே கோட்டில் இருக்கும்படி ரீமர் ஓட்டுகிறார்கள். கிரீஸ் அடிப்பது ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கிய பிறகுதான். பாரம் இறங்கினால்தான் பாரம் தாங்கும் பக்கத்துக்கும் கிரீஸ் பரவும்.

டை ராடின் ஒரு முனையில் வலமரை, மறுமுனையில் இடமரை. நடுக்குழாயைத் திருகினால் இரண்டு முனையும் சேர்ந்தே நீளும், சேர்ந்தே குறுகும். முன்சக்கரங்களின் நேர் பார்ப்பது இதை வைத்துத்தான். கழற்றும்போதே எத்தனை சுற்று என்று எண்ணிச் சாக்பீஸால் சேசிஸில் எழுதிவைப்பது பையனின் பொறுப்பு. பூட்டும்போது அதே சுற்று. பிறகு டயரைத் தூக்கிச் சுழலவிட்டு, நடுவில் சாக்பீஸ் கோடு போட்டு, முன்னும் பின்னும் இரண்டு டயர்க் கோடுகளுக்கு இடையிலான தூரத்தை டேப்பால் அளக்கிறார்கள். கம்பெனி சொன்ன அளவுக்குள் வரும் வரை மேஸ்திரி நடுக்குழாயின் கிளாம்பை முறுக்க விடுவதில்லை.